காரில் மூணு சீட் காலி... ஆனாலும் ஏன் யாரையும் ஏற்றுவதில்லை?

காலை ஒன்பதரை மணிக்குத் தில்லை நகர் மெயின் ரோட்டில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வண்டிகளை எண்ண வேண்டாம். காருக்குள் இருக்கும் தலைகளை எண்ணுங்கள். ஐந்து பேர் உட்காரும் கார், ஓட்டுபவர் மட்டும். அடுத்த கார், அதிலும் ஓட்டுபவர் மட்டும். அதற்கு அடுத்த காரில் பக்கத்து சீட்டில் ஒரு லேப்டாப் பை உட்கார்ந்திருக்கும்.

இவர்களில் பலர் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஒரே சிக்னலில் நின்று, ஒரே கிராஸில் பார்க்கிங் தேடப் போகிறவர்கள். ஆனால் ஒரே காரில் வர மாட்டார்கள்.

'நீ மட்டும் என்ன ஒழுங்கா?' என்று கேட்டால், இல்லை. ஒரே காரில் நாலு பேராக வந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தை முதலில் கலைத்தவன் நான்தான். அதனால் ஒருவருக்கு என்ன கஷ்டம் வந்தது என்பதே ஏழு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கதையோடு தொடங்கினால்தான், கார் பகிர்வைப் பற்றி நாம் மனசுக்குள் என்ன நினைக்கிறோம் என்பது புரியும்.

பாலம் மூடிய மாதங்கள்

சிந்தாமணியையும் மாம்பழச் சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் திறக்கப்பட்டது 1976-ல். சுமார் 540 மீட்டர் நீளம். திருச்சிக்காரர்களுக்கு அது வெறும் பாலமல்ல. சாயங்காலக் காற்று வாங்கும் இடமும்கூட. தூண்களுக்கும் தளத்துக்கும் இடையில் உள்ள தாங்கிகளும் இணைப்புகளும் தேய்ந்துபோனதால், 2022 செப்டம்பரில் மராமத்து தொடங்கியது. முதலில் கார், பஸ்ஸுக்குத் தடை. டூவீலருக்கு மட்டும் அனுமதி. நவம்பரில் டூவீலரையும் நிறுத்திவிட்டார்கள். 2023 மார்ச் மாதம்தான் பாலம் மறுபடி திறந்தது.

நான் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் பக்கம் குடியிருப்பவன். வேலை தில்லை நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில். நவம்பர் வரை ஸ்கூட்டரில் பாலம் வழியே வந்துவிட்டேன். அதன் பிறகு திருவானைக்காவல், ஒய் ரோடு, நெடுஞ்சாலைப் பாலம், சஞ்சீவி நகர், ஓயாமரி என்று ஊரைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டும்போது மனசு பக்பக் என்று அடிக்கும். இரண்டாம் நாளே வீட்டில் சொல்லிவிட்டார்கள்: "நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு இங்கே உயிர் இல்லை. வேற வழி பாருங்க."

வழி எதிர்வீட்டில் இருந்தது. தில்லை நகர் மருத்துவமனை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் சார். அவரிடம் ஒரு சின்ன கார். "தினமும் நான் தனியாத்தானே சுத்திட்டு வரேன், ஏறிக்கோங்க" என்றார். இரண்டே நாளில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர், கிராஸ் ஒன்றில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்யும் அக்கா. கணவர் இல்லை, பத்தாவது படிக்கும் மகள். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இன்னொருவர், கோச்சிங் சென்டரில் கணக்கு எடுக்கும் தம்பி.

பணம், நேரம், ஏ.சி.

முதல் வாரம் ஒரே மரியாதைப் போட்டி. நாங்கள் பெட்ரோலுக்குப் பணம் நீட்டினால் சார் வாங்க மாட்டார். "அட விடுங்க, எப்படியும் போற வண்டிதானே!" வாங்காவிட்டால் நமக்குக் கூச்சம். கூச்சம் இருந்தால் ஒருநாள் லேட்டானாலும் வாய் திறந்து பேச முடியாது. அக்காதான் அதை உடைத்தார்.

"காசு வாங்கலைன்னா நாளையிலேருந்து நான் பஸ்ஸுல போயிக்கறேன் சார்."

சார் சிரித்துவிட்டார். சனிக்கிழமைதோறும் ஆளுக்கு 250 ரூபாய் டேஷ்போர்டில் இருந்த ஒரு பழைய ஜவ்வாது டப்பாவில் போடுவது என்று முடிவானது. யாரும் எண்ணிப் பார்க்க மாட்டோம். ஆனால் யாரும் போடாமல் இருந்ததும் இல்லை.

அடுத்த பிரச்னை நேரம். தம்பி தினமும் ஏழு நிமிடம் லேட். ஏழு நிமிடம் பெரிய விஷயமா என்று தோன்றும். காரில் மூன்று பேர் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது இருபத்தொரு நிமிடம். 'ஐந்து நிமிடம் பார்ப்போம், பிறகு வண்டி கிளம்பிவிடும்' என்று விதி வைத்தோம். ஒரே ஒருநாள் அவரை விட்டுவிட்டுப் போனோம். மறுநாளிலிருந்து எங்களுக்கு முன்னால் நின்றார்.

சாயங்காலம் ஏழரைக்குக் கிளம்புவோம். எனக்கு ஆறரைக்கே வேலை முடிந்துவிடும். ஒரு மணி நேரம் காத்திருப்பது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்படியே மூன்றரை மாதம் ஓடியது. ஏ.சி. அளவு, பாட்டு வேண்டுமா செய்தி வேண்டுமா, ஃபோனில் சத்தமாகப் பேசலாமா என்று சின்னச் சின்ன உரசல்கள் வந்தன, போயின. யாருக்கும் யார் மேலும் கோபமில்லை.

திறந்தது பாலம், கலைந்தது கூட்டம்

மார்ச்சில் பாலம் திறந்த அன்றே வாட்ஸ்அப் குரூப்பில் நான் ஒரு மெசேஜ் போட்டேன். 'நாளையிலிருந்து நான் வண்டியில வந்துக்கறேன் சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்!'

சாருக்கு ஒரு சிரமமும் இல்லை. எனக்கு ஆறரைக்குக் கிளம்ப வேண்டும், வழியில் காய் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதை மரியாதையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் தம்பியும் அதே மாதிரி ஒரு மெசேஜ் போட்டார். கூடவே கைகூப்பும் இமோஜி.

அந்த வருடம் அக்டோபரில், இரவு எட்டு இருபது இருக்கும், நல்ல மழை. சத்திரம் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். நனைந்த குடையோடு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா, சார் கார்ல வரலையா?"

"நீங்க ரெண்டு பேரும் நின்ன மறுவாரமே நானும் நின்னுட்டேன் தம்பி."

"ஏன்க்கா? சார் ஏதாவது..."

"சே சே, அவர் தங்கமானவர். நாலு பேரா வந்தப்ப அது கார். ரெண்டு பேரான அன்னிக்கு அது பேச்சு. தெருவுல நாலு வீடு இருக்குல்ல?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை, சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்தே இலவசம், அதனால் செலவு மிச்சம் என்றுகூடச் சொன்னார். ஆனால் தில்லை நகரிலிருந்து சத்திரம், அங்கே காத்திருப்பு, பிறகு ஸ்ரீரங்கம். வீடு போய்ச் சேர ஒன்பது மணி. "அவ பப்ளிக் எக்ஸாம் வருஷம் முழுக்க எட்டு மணிக்கு நான் வீட்ல இருப்பேன்னு சொல்லி வெச்சிருந்தேன்" என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

நான் விலகியதில் எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அந்த மணி நேரம் யாருடைய வீட்டிலிருந்து போனது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நாம் சொல்லும் காரணமும் சொல்லாத காரணமும்

காரைப் பகிர்வது பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டால், கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "எனக்கு டைமிங் செட் ஆகாது." காலையில் குழந்தையைப் பள்ளியில் விட வேண்டும், மாலையில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும். இது உண்மையான காரணம். வேலைக்குப் போவது நேர்க்கோடாக இருந்தாலும், திரும்பி வருவது நம் ஊரில் நேர்க்கோடு இல்லை. உழவர் சந்தை, மருந்துக் கடை, டியூஷன் என்று வளைந்துதான் வீடு சேர்கிறோம்.

சொல்லாத காரணங்களும் உண்டு. பணம் கேட்பது கௌரவக் குறைச்சல். பணம் கொடுக்காமல் ஏறுவது கடன்பட்ட உணர்வு. கார் வாங்கியதே 'நினைச்ச நேரம் கிளம்பலாம்' என்பதற்காகத்தான், அதில் இன்னொருவர் நேரம் ஏன் நுழைய வேண்டும் என்ற எண்ணம். 'எந்தத் தெரு, என்ன ஆளு' என்று மனசுக்குள் ஓடும் கேள்வியையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெண்களுக்கோ, ஓட்டுபவர் யார், கூட யார் என்ற கேள்விதான் முதல் கேள்வி.

ஆனால் நாம் பகிரவே தெரியாதவர்கள் இல்லை. பள்ளி வேனில் இருபது வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகத்தான் போகிறார்கள். சமயபுரத்துக்கு வேன் பிடித்தால், ஆளுக்கு இவ்வளவு என்று காசு பிரிப்பதில் ஒருவருக்கும் வெட்கமில்லை. ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாதவர் மடியில் நம் பை இருக்கும். அங்கெல்லாம் என்ன வித்தியாசம்? நடுவில் பொறுப்புக்கு ஒருவர் இருக்கிறார். வேன் அண்ணன் நேரம் சொல்கிறார், அவரே பணம் வாங்குகிறார், பிரச்னை என்றால் அவரைக் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் காரில் அப்படி ஒருவர் இல்லை. நேரமும் பணமும் நம் வாயாலேயே பேச வேண்டும். நமக்கு அது வருவதில்லை.

தனிப் பாதை போட்டால் சரியாகுமா?

'இரண்டு பேர், மூன்று பேர் இருக்கும் கார்களுக்கு மட்டும் சாலையில் ஒரு தனிப் பாதை' என்பது அமெரிக்காவில் பழகிப்போன ஏற்பாடு. கார்ப்பூல் லேன் என்பார்கள். தனியாக வருபவர் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்க, பகிர்ந்து வருபவர்கள் பக்கத்தில் சீறிப் போவார்கள். அந்த ஆசையில் மற்றவர்களும் பகிர்வார்கள் என்பது கணக்கு.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. நம் காவிரிப் பாலம் திறந்த அதே 1976-ல், லாஸ் ஏஞ்சலஸின் சான்டா மோனிகா நெடுஞ்சாலையில், ஏற்கெனவே எல்லாரும் ஓட்டிக்கொண்டிருந்த பாதைகளில் ஒன்றை எடுத்து, பஸ்ஸுக்கும் குறைந்தது மூன்று பேராவது உள்ள கார்களுக்கும் ஒதுக்கினார்கள். பகிர்வோர் எண்ணிக்கை கூடத்தான் செய்தது. பஸ்ஸில் ஏறியவர்கள் பல மடங்கானார்கள். ஆனால் தனியாக ஓட்டியவர்களின் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. 'எங்களிடமிருந்த பாதையைப் பிடுங்கிவிட்டார்கள்' என்றார்கள். வழக்கு போட்டார்கள். 21 வாரத்தில் நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. புதிதாக ஒரு பாதை போட்டு ஒதுக்கினால் ஏற்கும் மக்கள், இருப்பதை எடுத்து ஒதுக்கினால் ஏற்பதில்லை என்பது அன்றைக்குக் கற்ற பாடம்.

இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் 1992 முதல் ஒரு விதி இருந்தது. முக்கியச் சாலைகளில் நெரிசல் நேரத்தில் காருக்குள் மூன்று பேராவது இருக்க வேண்டும். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காசு கொடுத்து ஆளை ஏற்றிக்கொண்டார்கள்! 'ஜாக்கி' என்று பெயர். சாலையோரம் விரல் காட்டி நிற்பார்கள். கைக்குழந்தையோடு ஏறினால் இரண்டு தலை. ஊரே சிரித்தது. 2016-ல் விதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஆய்வாளர்கள் கூகுள் மேப் தகவல்களை வைத்துக் கணக்கிட்டபோது, காலை நெரிசல் தாமதம் 46 சதவீதமும் மாலையில் 87 சதவீதமும் கூடியிருந்தது தெரிந்தது. ஏமாற்றியவர்கள் இருந்தும், விதி வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வாஷிங்டன் கதை. 1970-களில் வர்ஜீனியாவிலிருந்து தலைநகருக்கு வரும் நெடுஞ்சாலையில் பகிர்வோருக்குத் தனிப் பாதை வந்தது. தனிப் பாதையில் போக ஆள் எண்ணிக்கை வேண்டும். அதனால் கார்க்காரர்கள் பஸ் ஸ்டாப் பக்கம் நின்று, முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பைசா வாங்குவதில்லை, அவருக்கு வேகம், இவருக்குப் பயணம். அரசு நடத்தவில்லை, கம்பெனி நடத்தவில்லை. ஆனால் எல்லாரும் மதிக்கும் சில வழக்கங்கள் உண்டு. ஓட்டுபவர் பேச்சைத் தொடங்காமல் ஏறியவர் பேசக் கூடாது. பணப் பேச்சே கூடாது. இன்னொன்று: வரிசையில் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறிப் போகக் கூடாது.

அந்தக் கடைசி விதியைப் படித்தபோது சத்திரத்து மழைதான் ஞாபகம் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் கடைப்பிடிக்கும் விதியை, தெரிந்த நான் கடைப்பிடிக்கவில்லை.

சரி, திருச்சிக்குத் தனிப் பாதை சாத்தியமா? சாலை ரோட்டையும் தென்னூர் ஹை ரோட்டையும் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இருக்கும் பாதையே கடைக்கு முன்னால் நிற்கும் வண்டிகளுக்குப் பாதி போய்விடுகிறது. தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் டூவீலர்கள்தான். நம் ஊரில் நிஜமான காலி சீட், பைக்கின் பின் சீட். இங்கே பாதையைப் பிரிக்க முடியாது, பார்க்கிங்கைப் பிரிக்கலாம். மூன்று பேரோடு வரும் காருக்கு ஆபீஸ் வாசலில் நிழலான ஓர் இடம் ஒதுக்குவதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். தில்லை நகர் கிராஸ்களில் பார்க்கிங்குக்கு அலைந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

'காசு வாங்கினால் போலீஸ் பிடிக்குமா?' என்பது பலருக்கும் உள்ள பயம். பயத்துக்குக் காரணம் உண்டு. வெள்ளை நம்பர் பிளேட் கார் சொந்த உபயோகத்துக்கு. வாடகைக்கு ஆள் ஏற்ற மஞ்சள் பிளேட்டும் பர்மிட்டும் வேண்டும். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு.

2023-ல் பெங்களூரில் இதே விஷயம் பெரிய சர்ச்சையானது. ஆப் வழியாகத் தனியார் கார்களில் ஆள் ஏற்றுவதை டாக்சி ஓட்டுநர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பர்மிட், வரி, இன்ஷூரன்ஸ் என்று கட்டி வண்டி ஓட்டுபவர்கள் அவர்கள். 'கார்ப்பூலிங்குக்குத் தடை' என்று செய்தி பரவ, வேலைக்குப் போகிறவர்கள் கொதித்தார்கள். அனுமதி பெறாத ஆப்கள்தான் பிரச்னை என்று கர்நாடகப் போக்குவரத்து அமைச்சர் ராமலிங்க ரெட்டி விளக்கம் தர வேண்டி வந்தது. இத்தனைக்கும் 2020 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே, மாநிலம் தடுக்காத பட்சத்தில், ஆப் மூலம் தனியார் காரைப் பகிர இடம் இருந்தது. நகருக்குள் நாளுக்கு 4 முறை, ஊர்விட்டு ஊர் வாரத்துக்கு 2 முறை என்ற வரம்போடு.

எங்கள் ஜவ்வாது டப்பா மாதிரி, தெரிந்த நாலு பேர் ஆப் எதுவும் இல்லாமல் பெட்ரோல் செலவைப் பிரித்துக்கொள்வது வேறு. லாபம் வைத்து ஓட்டுவது வேறு. வரும் தொகை செலவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால், விபத்தில் காருக்குள் இருக்கும் நண்பருக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். 'பேக்கேஜ்' அல்லது 'காம்ப்ரிஹென்சிவ்' என்ற முழுமையான பாலிசி என்றால் கார்ப் பயணிகளுக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு உண்டு என்பது 2012-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் காட்டிய வழி. ஆனால் தனியார் கார் பாலிசிகளில், 'வாடகைக்கு ஓட்டினால் பொருந்தாது' என்ற வரி இருக்கும். யாரையாவது தினமும் ஏற்றப் போகிறீர்கள் என்றால், பாலிசியை எடுத்து இந்த இரண்டையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மிச்சம் எவ்வளவு?

கையில் பேனா எடுத்துப் பார்ப்போம். ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகருக்குப் பாலம் வழியாக 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்வர 12. ஊருக்குள் சின்ன கார் லிட்டருக்கு 12 கொடுத்தால் ஒரு லிட்டர், 100 ரூபாய் சொச்சம். நாலு பேர் பிரித்தால் ஆளுக்கு 25. அதே தூரத்துக்கு, லிட்டருக்கு 45 கொடுக்கும் ஸ்கூட்டருக்குச் சுமார் 27 ரூபாய்.

ஆக, டூவீலர்காரருக்குப் பண மிச்சம் ஒன்றும் இல்லை! பெண்களுக்கு அரசு டவுன் பஸ் இலவசம் என்பதால் அவர்களுக்கும் இல்லை. காரில் தனியாக வருபவருக்கு மட்டும்தான் லாபம்; நாளுக்கு 75 ரூபாய், மாதம் 25 வேலை நாள் என்றால் 1,875 ரூபாய்.

'பணம் மிச்சம்' என்று சொல்லி நம் ஊரில் கார் பகிர்வைப் பரப்ப முடியாது என்பதற்கு இதுதான் காரணம். வேறு மிச்சங்கள் உண்டு. மே மாத வெயில் தலையில் இறங்காது. மழையில் நனைய வேண்டாம். இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் தனியாகக் காத்திருக்க வேண்டாம். நாலு வண்டி போகும் பாலத்தில் ஒரு வண்டி போகும். இவற்றுக்கு ரூபாயில் விலை போட முடியாததால் நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மறுபடியும் ஒரு டப்பா

சத்திரத்தில் அக்காவைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சாரின் வீட்டுக்குப் போனேன். "நான் கேக்கணும்னுதான் இருந்தேன், அவங்க சங்கடப்படுவாங்களோன்னு விட்டுட்டேன்" என்றார் அவர். அவரும் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்.

தினமும் ஏழரை வரை என்னால் காத்திருக்க முடியாது. அதை இந்தத் தடவை பூசி மெழுகாமல் சொன்னேன். திங்கள், புதன், வெள்ளி முடியும் என்றேன். செவ்வாய், வியாழனுக்கு அக்கா தன் லேபில் வேலை செய்யும், திருவானைக்காவலில் இறங்கும் இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமை பஸ். ஐந்து நாள் ஏற்பாடு முழுதாக உருவாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. முன்பு கலைந்ததும் கேட்காததால்தான். கேட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

எங்கள் விதிகளை இங்கே சொல்கிறேன். உங்கள் தெருவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நாளே பணம் பேசிவிடுங்கள். டப்பா வைத்தால் கை நீட்ட வேண்டிய கூச்சம் இல்லை.

ஐந்து நிமிடம்தான். அதற்கு மேல் யாருக்காகவும் வண்டி நிற்காது. யாரும் கோபித்துக்கொள்ளவும் கூடாது.

எல்லா நாளும் முடியாவிட்டால் முடிந்த நாளைச் சொல்லுங்கள். வாரம் இரண்டு நாளும் பகிர்வுதான்.

வண்டி எண், யார் யார் வருகிறார்கள் என்பது எல்லார் வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் வரும் குழுவில் இது கட்டாயம்.

டூவீலர் என்றால் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட். 'இதோ இருக்கிற தென்னூருக்கா?' என்று கேட்காதீர்கள்.

கடைசி விதி அக்கா சொன்னது, குரூப்பின் மேலேயே எழுதி வைத்திருக்கிறோம்: விலகுபவர் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும்; முடிந்தால் தன் இடத்துக்கு ஓர் ஆளைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

வண்டி வைத்திருப்பவனுக்கு விலகுவது ஒரு மெசேஜ். வண்டி இல்லாதவருக்கு அது ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். கார் பகிர்வில் நாம் யோசிப்பதெல்லாம் சேரலாமா வேண்டாமா என்பதைப் பற்றித்தான். விலகும்போதும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பழைய காவிரிப் பாலத்தை ஒட்டி நாலுவழிப் புதுப் பாலம் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. காரில் போகும்போது தினமும் பார்க்கிறோம். "புதுப் பாலம் வந்ததும் மறுபடி மெசேஜ் போட்டுடுவீங்களா தம்பி?" என்று போன வாரம் அக்கா பின் சீட்டிலிருந்து கேட்டார்.

"ஒரு மாசம் முன்னாடியே சொல்றேன்க்கா" என்றேன். சார் சிரித்துக்கொண்டே மாம்பழச் சாலையில் வண்டியைத் திருப்பினார். மணி ஏழு ஐம்பது.